மண் தூற்ற வாசல் இல்லாத கடை

எனக்கு எழுபது வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. இதை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆறாவதுக்காகத்தான் இவ்வளவும் நடந்தது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து வைப்பேன், பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மகனின் மகள் மதுரா கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். அவளுக்கு இருப்பது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ். நான் ‘கிடக்கு’ என்று சொன்னால் அவள் ‘இருக்கிறது’ என்று திருத்துகிறாள். திருத்தட்டும். கோபம் என்னுடையது, அதைத் திருத்த அவளுக்குத் தெரியாது.

லண்டனில் எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய கடை. அதன் ஒரு மூலையில் காசு வாங்க ஆள் இல்லை, மெஷின்தான் நிற்கிறது. பாலையும் பாணையும் நாமே எடுத்து அதன் கண்ணாடிக்குக் காட்ட வேண்டும். அது கீச்சென்று கத்தும். காசைப் போட்டால் விழுங்கிவிட்டு ஒரு பெண்ணின் குரலில் நன்றி சொல்லும். முதல்நாள் நானும் மரியாதைக்குத் தலையாட்டினேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பொடியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எங்கள் ஊர் கல்குடாவில் மீன் வாங்கும்போது மீனின் செவுளைப் பார்க்கிற அளவுக்கு விற்கிறவனின் முகத்தையும் பார்ப்போம். முகம் பிழைத்தால் செவுள் சிவப்பாக இருந்தாலும் வாங்கமாட்டோம். இங்கே காசு வாங்குகிறதுக்கு முகம் இல்லை. வந்து ஐந்து வருசமாகியும் அந்த மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது என் கை தானாகவே முந்தானையைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கட்டுரை அந்த மெஷினைப் பற்றியது அல்ல. அதைவிட மோசமான ஒன்றைப் பற்றியது. பொத்தானை அமத்தினால் ஊருக்குக் காசு போகும் என்று சொல்லி இன்டர்நெட்டில் நடத்துகிற ஒரு கடை. அதன் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். பெயரை எழுதினால் வழக்குப் போடுவார்கள் என்று என் மகன் சொல்லிவிட்டான். ஆகவே பொத்தான் கடை என்றே சொல்கிறேன். அவர்களின் பெயரை நான் சொல்லக்கூடாதாம். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது தாயின் கடமை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீட்டைக் கொடுத்த தாயும் தகப்பனும் வளவின் ஓரத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். நான் பெற்ற மூன்று பெண்பிள்ளைகளுக்கும் வீடு கொடுத்துவிட்டேன். ஓலையில் தொடங்கி ஓட்டில் முடித்த வீடுகள். நாலாவது பெண், என் தங்கச்சியின் மகள் வதனி. தங்கச்சி பிள்ளைப்பேற்றோடு போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தபோது எனக்கு ஏற்கெனவே ஐந்து. இவளுக்கும் வீடு கொடுப்பேன் என்று அங்கேயே எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கப் போவதில்லை. சொன்னேன். ஊருக்கு என்ன வேலை, பெற்றதுகளுக்குக் கொடுத்தாள், வளர்த்ததுக்குக் கொடுக்கிறாளா பார்ப்போம் என்று காத்திருக்கும். நானும் அந்த ஊரில் பிறந்தவள்தான், எனக்குத் தெரியாதா.

வதனியின் வீட்டைப் பிள்ளைகளின் தகப்பனும் நானும் கடற்கரைப் பக்கமாகக் கட்டினோம். கூரை போட்டாயிற்று, கதவுதான் மிச்சம். மார்கழி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை போயா, பௌர்ணமி நாள். அவர் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் நின்றேன். முதலில் ஒரு இரைச்சல், பிறகு நாய்கள், பிறகு தண்ணீர். வதனி என் கையைப் பிடித்து றோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் திரும்பித் திரும்பிக் கத்தினேன். “இஞ்சாருங்க, இஞ்சாருங்க” என்றுதான் கத்தினேன். எங்கள் ஆட்கள் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். அன்றைக்கு என்னைப் போலவே ஓடின பெண்கள் அத்தனை பேரும் “இஞ்சாருங்க” என்றுதான் கத்திக்கொண்டு ஓடினார்கள். எந்த ஆண்பிள்ளை எந்தக் குரலுக்குத் திரும்புவான். பெயரைச் சொல்லியிருந்தால் அவர் திரும்பிப் பார்த்திருப்பாரோ என்று என்னை யாரும் கேட்க வேண்டாம். நான் கேட்டு முடித்துவிட்டேன்.

அவரின் உடல் கிடைக்கவில்லை. வதனிக்குக் கட்டின வீடும் நாங்கள் இருந்த வீடும் போயின. கலியாணப் படம், அவர் உடுத்த சாரம், கண்ணாடி, வெற்றிலைத் தட்டம், எல்லாம் போயின. வாழைச்சேனையில் பள்ளிக்கூடமொன்றில் இருந்தோம். பெயர் பதிய வந்த அரசாங்கப் பொடியன் என்னிடம் காணாமல் போனவரின் பெயர் என்ன என்று கேட்டான். நான் வதனியின் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு பேனையை வதனி பக்கம் திருப்பி, “நீங்க சொல்லுங்க தங்கச்சி” என்றான். அவ்வளவு சாவுக்கு நடுவிலும், அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போதும், அந்தப் பொடியனுக்கு அது விளங்கியது. எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். நான் சொல்லாமல் வைத்திருந்த பெயர்.

அடுத்த வருசம் மூத்த மகன் என்னை லண்டனுக்குக் கூப்பிட்டான். வதனியை மற்றப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு வந்தேன். வரும்போதே சொல்லிவிட்டு வந்தேன், உன் வீட்டை அங்கே இருந்து கட்டுவேன் என்று. இங்கே சும்மா இருக்கவில்லை. தமிழ்க் கடைக்கு விடியவிடிய இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். மாவில் வெந்து போன கை இது. அந்தக் காசை முதலில் உண்டியல் வழியாக அனுப்பினோம். இங்கே ஒருவரிடம் கொடுத்தால் அங்கே ஒருவர் சைக்கிளில் கொண்டுவந்து வதனியின் கையில் வைப்பார். துண்டு இல்லை, கையெழுத்து இல்லை. ஒருநாளும் பிழைத்ததில்லை. கடலுக்குத் தள்ளி, றோட்டுக்கு இந்தப் பக்கம் சுவர் எழும்பியது. இலங்கையில் சண்டை முடிகிற வருசம் அந்த மனிதர் பயந்துவிட்டார். காசு யாருக்குப் போகிறது என்று அங்கேயும் கேட்கிறார்கள், இங்கேயும் கேட்கிறார்கள், நான் பிள்ளைகுட்டிக்காரன் அக்கா, என்னை விடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் முகத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வைகாசியில் சண்டை முடிந்தது. இங்கே கோயிலில் ஆட்கள் அழுதுகொண்டும் வாய்விட்டுப் பேசாமலும் நின்றார்கள். என் வீட்டில் வேறு ஒரு பேச்சு வந்தது. வதனிக்குப் பழுகாமத்தில் இருந்து மாப்பிள்ளை. வயல்காரக் குடும்பம், பொடியன் நல்லவன், அவளுக்கும் இருபத்தொன்பது வயதாகிவிட்டது. ஆவணியில் கலியாணம், அதற்கு முன் வீட்டுக்குக் கூரை போட வேண்டும். மாப்பிள்ளையின் தாய் ஒரே ஒரு சொல்தான் சொன்னா, கூரை இல்லாத வீட்டுக்கு என் பிள்ளையை அனுப்பமாட்டேன். ஞாயமான சொல். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த நேரம்தான் அம்மன் கோயில் வாசலில் ரஞ்சன் மேசை போட்டான். கழுத்துப்பட்டி கட்டிய பொடியன், பொத்தான் கடைக்கு ஆள் சேர்க்கிறவன். ஒவ்வொரு ஆளைச் சேர்த்தாலும் அவனுக்குக் கூலி. நாங்கள் செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே மேசை. சேருகிறவர்களுக்கு ஒரு பை இலவசம். அந்தப் பையில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டு வெங்காயம் இருக்கிறது, எரிக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. “அம்மா, நீங்க இஞ்ச கண்ணை மூடித் திறக்கக்குள்ள காசு அங்க நிக்கும்” என்றான். என் பெயரிலேயே கணக்குத் திறந்தான். ஒரு இடத்தில் ரகசியக் கேள்வி ஒன்று வேண்டுமாம். வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டான். நான் மதுராவைப் பார்த்தேன், அவள் தன் அப்பப்பாவின் பெயரைச் சொன்னாள், அவன் தட்டினான். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. என் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் நடந்தது. நான் யாரையாவது பார்ப்பேன், அவர்கள் சொல்வார்கள். அந்தக் கேள்வி ஒருநாள் என் வாயைத் தேடி வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஆடி பிறந்ததும் கூரைக் காசு முழுவதையும் ஒரேயடியாக அனுப்பினோம். பொத்தானை நான்தான் அமத்தினேன். சாமிக்குப் பூப் போடுகிற மாதிரி அமத்தினேன். காசு இங்கிருந்து போய்விட்டது. அங்கே போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. மதுரா பார்த்துவிட்டு, “அப்பம்மா, பரிசீலனையில இருக்காம்” என்றாள். காசு எங்கே நிற்கிறது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. மகனுக்கும் தெரியவில்லை. ரஞ்சனிடம் கேட்டால், பெரிய தொகை அம்மா, இலங்கை எண்டபடியா பாக்கிறாங்க, பயப்படாதீங்க என்றான். நாள் போகப் போக அவன் என்னைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினான். காதில் வைத்த போன் ஒருமுறை அங்கேயே மணியடித்தது.

ஊரில் கூரைக்கு ஓடும் மரமும் பார்த்து வைத்துவிட்டு வதனி காத்திருந்தாள். சம்பந்தியிடம் இருந்து போன் வந்தது. அந்த மனுசி கத்தவில்லை, மெதுவாகத்தான் பேசினா. “கல்குடாவில கடல் கொண்டுபோச்சு எண்டீங்க, சரி. லண்டனில கம்ப்யூட்டர் கொண்டுபோச்சு எண்டுறீங்க. இனி மறுகா என்ன கொண்டுபோகும் சம்பந்தி?” என்று கேட்டா. கடைசியாக ஒன்று சொன்னா. “பெத்த புள்ளையா இருந்தா இந்தக் காசு வந்து சேந்திருக்கும், என்ன?” போனை வைத்த பிறகும் அந்தச் சொல் அறைக்குள் நின்றது. இருபத்தொன்பது வருசமாக நான் எந்தச் சொல்லுக்குப் பயந்தேனோ, அதே சொல்.

மகன் பொத்தான் கடைக்கு எத்தனையோ தரம் எழுதினான். ஒவ்வொரு தரமும் ஒரே பதில் வந்தது, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று. நான் பொறுமையாக இருக்கிறேன் என்று அவர்களுக்கு யார் சொன்னது. பிறகு ஒருநாள் காலை அவர்களே பேசினார்கள். கணக்குக்காரி தானே தன் வாயால் பதில் சொல்ல வேண்டும், வேறு யாரும் பேசக்கூடாதாம். எனக்கு இங்கிலீசு வராது என்றதும் நடுவில் ஒரு தமிழ்ப் பெண்ணைச் சேர்த்தார்கள். இந்தியத் தமிழ். முதலில் அந்தப் பெண் சொன்னது, இந்தப் பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்று. பிறகு என் பெயர், பிறந்த நாள், வீட்டு இலக்கம் எல்லாம் கேட்டார்கள். சொன்னேன். அடுத்தது அந்தக் கேள்வி.

“பாட்டி, உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க.”

நான் மதுராவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் உடனே இங்கிலீசில் ஏதோ கடுமையாகச் சொன்னார்கள். வேற யாராவது சொன்னா கணக்கை மூடிடுவாங்களாம் பாட்டி என்றாள் அந்தப் பெண். எழுதிக் காட்டுகிறேன் என்றேன், முடியாதாம். அவரின் மரணச் சான்றிதழை அனுப்புகிறேன் என்றேன், அது வேறு பகுதியாம். நாங்கள் சொல்வதில்லை பிள்ளை என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, “எங்க பாட்டியும் சொல்ல மாட்டாங்க. ஆனா நான் உங்களுக்காகப் பேசக்கூடாது பாட்டி. நீங்க சொல்றத மட்டும்தான் நான் சொல்லணும்” என்றாள். நல்ல பிள்ளைதான். அவள் நான் சொன்னதை அந்த வெள்ளைக்காரனுக்குச் சொன்னாள். அவன் சிரித்தது எனக்குக் கேட்டது. புருசனின் பெயர் தெரியாத பெண்ணா என்று கேட்டானாம். தெரியாது என்று நான் எங்கே சொன்னேன். தெரிந்ததைச் சொல்லமாட்டேன் என்றால் அவனுக்கு அது தெரியாததற்குச் சமன். இன்னும் ஒரு தடவைதான் கேட்பான், பிறகு கணக்கு மூடப்படும் என்றான்.

சம்பந்தியின் சொல் காதில் நின்றது. கூரை இல்லாத சுவர் கண்ணில் நின்றது. கடலுக்குச் சொல்லாத பெயரை அந்தப் பெட்டிக்குச் சொன்னேன்.

“தம்பிராசா.”

என் குரலில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மதுரா கையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தமிழ்ப் பெண் சொன்னாள், பதில் சரியாம், ஆனால் பரிசீலனை முடிய இன்னும் நாள் எடுக்குமாம், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று. அவ்வளவுதான். நான் அவரின் பெயரைக் கொடுத்தேன், அவர்கள் நன்றி சொன்னார்கள். கடையில் பாலுக்குக் காசு போட்டால் அந்த மெஷின் சொல்கிற அதே நன்றி.

அன்றைக்கு மத்தியானமே வாளியும் கரண்டியுமாக முன்வளவில் இறங்கினேன். ஊரில் ஒருவன் அநியாயம் செய்தால் ஏழைப்பட்ட பெண் என்ன செய்வாள். அவன் வாசலில் போய் நின்று, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, மண்ணை அள்ளித் தூற்றுவாள். நாசமாய்ப் போ என்பாள். பொலிசு, கோடு கச்சேரி எல்லாம் அதற்குப் பிறகுதான். தூற்றப்பட்டவன் அதோடு தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எனக்கு அந்தக் கடையின் வாசல் வேண்டும், வேறொன்றும் வேண்டாம். இங்கே மண் கிடைப்பதே கஷ்டம். முன்வளவு முழுக்க சீமெந்து, ஓரத்தில் ஒரு கீற்று மண். நான் குந்தியிருந்து கிண்டுவதைப் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி கண்டா. என்னைவிட வயது கூட, கையில் எப்போதும் தோட்டத்துக் கத்தரிக்கோல். அவ கையைக் காட்டிக் கேட்டா, என்ன நடப்போகிறாய் என்று கேட்டிருப்பா. நான் மண்ணை அள்ளித் தூற்றிக் காட்டினேன். விதைக்கிறேன் என்று விளங்கிக்கொண்டா. முகமெல்லாம் மலர்ந்து உள்ளே போய், கடையில் விலைக்கு விற்கிற மண் ஒரு பெரிய பையும் ஒரு பூச்சாடியும் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனா. சபிக்கப் போகிறவளுக்குப் பசளை போட்ட மண் கொடுக்கிற நாடு இது.

மண் ஆயத்தம். மதுராவைக் கூப்பிட்டு அவர்களின் வாசல் எங்கே இருக்கிறது என்று பார், எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டேன். அவள் தேடினாள், தேடினாள். கடைசியில் ஏதோ ஒரு தீவின் பெயரைச் சொன்னாள். அங்கேயும் கட்டடம் இல்லை, தபால்பெட்டி இலக்கம் மட்டும்தானாம். எங்களோடு போனில் பேசினவன் இன்னொரு நாட்டில் இருக்கிறானாம். முதலாளி யார் என்று அங்கே எழுதவில்லையாம். எங்கள் ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கிற கிழவிக்கும் ஒரு வாசல் இருக்கிறது. இவ்வளவு பேரின் காசை வைத்திருக்கிறவனுக்கு மண் தூற்ற ஒரு வாசல் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது தெரியாமல் நடந்தது அல்ல. சபிக்க வருவார்கள் என்று தெரிந்துதான் வாசல் வைக்காமல் கடை போட்டிருக்கிறான்.

ஆவணி நெருங்கிவிட்டது. அடுத்த நாள் ஓட்டமாவடிக்குப் போன் போடச் சொன்னேன், இஸ்மாயில் காக்காவின் கடைக்கு. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கூரைச் சாமான், ஆணி, கதவு எல்லாம் விற்கிறவர். என் மூன்று பெண்பிள்ளைகளின் வீட்டுக்கும் அங்கேதான் வாங்கினோம். வாங்கின காலம் முழுவதும் அவரோடு சண்டைதான். எடுத்ததும், “ஆரு, கல்குடாத் தங்கச்சியா? இப்ப ஆளாளுக்கு லண்டன் எண்டு போன் எடுத்து ஏமாத்துறானுகள். ஒரு கேள்வி கேக்கிறன். உங்கட மூத்த புள்ளைர வீட்டு வேலைக்குள்ள என்ட மேசையில என்னத்தக் கொண்டுவந்து கொட்டினீங்க?” என்றார்.

“துருப்பிடிச்ச ஆணி” என்றேன்.

“சரி, நீங்கதான். குரல் மெலிஞ்சி போச்சு, வாய் மெலியல்ல.”

நானும் விடவில்லை. நல்ல ஆணி தந்திருந்தால் நான் ஏன் கொட்டினேன் காக்கா என்றேன். ஆட்கள் நிறைந்து நிற்கிற நேரம் பார்த்துக் கொட்டின மனுசி என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னேன். காசு நடுவில் நிற்கிறது, எப்போது வரும் என்று தெரியாது, ஓடும் மரமும் இப்போதே வேண்டும் என்றேன். அவர் கணக்குக் கொப்பியைப் புரட்டுவது கேட்டது. “ஒரு பிடி ஆணிக்கு அந்தச் சண்டை பிடிச்ச ஆள், என்ட ஓட்டுக்குக் காசு தராம மவுத்தாகமாட்டீங்க. ஓடு ஏத்தின ரெக்டர் நாளைக்கு வரும். ரெக்டர் கூலி வேறதான், சொல்லிப்போட்டன்” என்றார். கூலியில் அவர் கூட்டித்தான் போட்டார், எனக்குத் தெரியும். அவரைத் தூக்கி வைத்துப் பேச வரவில்லை. ஆனால் அவரும் ஒரு ரகசியக் கேள்விதான் கேட்டார், அந்த வெள்ளைக்காரனும் ஒரு ரகசியக் கேள்விதான் கேட்டான். இவர் கேட்டது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்ததை. அவன் கேட்டது எனக்கு மட்டும் உரியதை.

ஆவணி முடிவதற்குள் கூரை ஏறியது, வதனியின் கழுத்தில் தாலி ஏறியது. நான் போகவில்லை, படத்தில்தான் பார்த்தேன். சம்பந்தி என் ஓட்டுக்குக் கீழே நின்று சிரிக்கிறா. ஊரில் மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் பொத்தான் கடை காசைத் திருப்பி அனுப்பியது. ஊருக்கு அல்ல, எனக்கே. ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அதிலும் சேவைக் கட்டணம் கழித்திருந்தார்கள். என்ன சேவை. ஓட்டமாவடிக்கு அன்றைக்கே வேறு வழியில் காசு போய்ச் சேர்ந்தது. மகன் சொன்னான், “கலியாணமும் நடந்திட்டு, காசும் வந்திட்டு, இனி விடுங்கம்மா. உங்களுக்கு என்ன நட்டம்?” என்ன நட்டம் என்று கேட்கிற பிள்ளைக்கு எப்படிச் சொல்வது.

எனக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. அந்தக் கடைக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே முகம் ரஞ்சனின் முகம். வெள்ளிக்கிழமைகளில் கோயில் அன்னதானத்துக்கு நான்தான் பரிமாறுவேன். அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். அவனும் தட்டோடு வரிசையில் வந்தான், என் முன்னால் நின்றான். நான் அகப்பையைத் தூக்கவில்லை.

“நீங்க ஆரு?” என்று கேட்டேன்.

“என்னம்மா, என்னைத் தெரியாதா? ரஞ்சன்.”

“தெரியும் தம்பி. ஆனா பாதுகாப்புக்குக் கேக்கத்தானே வேணும். உங்கட மனுசிர அம்மம்மாட பேர் என்ன?”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற பெண்களுக்கு விஷயம் தெரியும். அவர்களில் பாதிப் பேரின் காசும் அந்தக் கடையில் ஒருநாளாவது நின்றிருக்கிறது. ஒருத்தி, “சொல்லுங்க தம்பி, வரிசை நிக்குதெல்லா” என்றாள். அவன் தெரியாது என்றான். “பதில் பிழை. உங்கட சோறு பரிசீலனையில இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்கட பொறுமைக்கு நன்றி” என்றேன். அடுத்த ஆளுக்குப் போட்டேன். மண்டபம் சிரித்தது. அவன் தட்டோடு தூணருகில் நின்றான். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. கூட்டம் முழுவதும் சாப்பிட்டு முடிகிறவரைக்கும் நிற்க வைத்தேன். பிறகு கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான்.

“அம்மா, நான் வெறும் ஏஜென்ற். கம்பனி செய்யிறதுக்கு நான் என்ன செய்ய?”

“நானும் வெறும் அகப்பை தம்பி. சோறு போடுறது அம்மாள்.”

அப்படியென்றால் உன் கம்பனியின் வாசல் எங்கே என்று இந்த ஆட்களுக்கு முன்னால் சொல், உனக்கு இப்போதே போடுகிறேன் என்றேன். அவனுக்கும் தெரியவில்லை. முதலாளியை அவனும் கண்டதில்லையாம், அவனுடைய கூலியும் பொத்தானில்தான் வருகிறதாம். கோயில் தலைவர் வந்து, அன்னதானத்தில் இல்லை என்று சொல்லக்கூடாது அம்மா என்றார். சரி. நான் இல்லை என்று சொல்லவில்லையே. சோறு போட்டேன், கறி போட்டேன், வடை ஒன்றை எடுத்து அவன் கண்ணுக்கு முன்னால் இரண்டாகப் பிய்த்து, பாதியைத் தட்டில் வைத்தேன், பாதியை என் வாயில் போட்டேன். “இது சேவைக் கட்டணம்” என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மேசை கோயில் வாசலில் இல்லை. எங்கள் பெண்கள் கணக்கை மூடிவிட்டார்கள். பொடியன் பாவம் என்று சிலர் சொன்னார்கள். பாவம்தான். அந்த வடை எனக்கு ருசியாகவே இருந்தது.

ஆனாலும் முடியவில்லை. ஒன்று அவர்களிடம் இன்னும் இருக்கிறது. மதுராவைக் கொண்டு அவர்களுக்கு எழுதுவித்தேன்: என் கணக்கை மூடுங்கள், நான் போனில் சொன்ன பெயரைத் திருப்பித் தாருங்கள், அல்லது அழித்துவிடுங்கள். பதில் வந்தது. சட்டப்படி அந்தப் பதிவைப் பல வருசங்களுக்கு வைத்திருக்க வேண்டுமாம். அவர்களின் பெயரை நான் என் கட்டுரையில் எழுதக்கூடாது. என் பிள்ளைகளின் தகப்பனின் பெயரை அவர்கள் என் குரலிலேயே வைத்திருக்கலாம்.

அவர் கல்குடாக் கடலில் இருக்கிறார். அவரின் பெயர் எந்த நாடு என்று தெரியாத ஒரு மெஷினுக்குள் என் குரலோடு இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் இப்போது சொந்த வீடு இல்லை; மகனின் வீட்டு ஜன்னலில், அந்த வெள்ளைக்கார மூதாட்டி தந்த பூச்சாடி இருக்கிறது. மண்ணை நிரப்பி வைத்திருக்கிறேன். என்ன நட்டாய் என்று அவ வேலிக்கு மேலால் கையால் கேட்பா. ஒன்றும் நடவில்லை. கடையில் வாங்கின மண்ணுக்கு மேல் நான் கிண்டின மண்ணைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒருநாள் அந்தக் கடைக்கு ஒரு வாசல் வைப்பார்கள். வைக்காமல் எவ்வளவு காலம் இருப்பார்கள்.

மதுரா, போதும். அவரின் பெயர் வருகிற அந்த ஓர் இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை, கம்ப்யூட்டரை விரலால்தான் காட்டினேன், நீயாக எழுதினாய். இப்போது முதலில் இருந்து வாசி மனே, என் பிள்ளையே. அந்த இடம் வரும்போது தாண்டிப் போகாதே. உன் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் நான் தேத்தண்ணி போடுவேன்.